உடும்புப் பிடி: துணை விலங்கை வைத்து எதிரியைப் பிடித்து நிறுத்துவது எப்படி

மேசையில் யாருடைய துணை விலங்காவது எதிரியைப் பிடித்துவிட்டால் போதும், அடுத்த பத்து நிமிடத்துக்கு ஆட்டம் நின்றுபோகும். ஓநாய்க்குக் கை ஏது, அது எப்படி கிராப்பிள் (பிடி) பண்ணும் என்று ஒருவர் கேட்பார். நண்டு பண்ணலாம் என்றால் ஓநாய் ஏன் கூடாது என்று இன்னொருவர் எகிறுவார். இந்தத் தகராறில் முக்கால்வாசி ஒரே குழப்பத்திலிருந்து வருவது. பகடை உருட்டிப் பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸின் 5ஆம் பதிப்பில் பிடி இரண்டு வகை: யார் வேண்டுமானாலும் முயலக்கூடிய பொதுப் பிடி ஒன்று, விலங்கின் தாக்குதலுக்குள்ளேயே எழுதியிருக்கும் பிடி இன்னொன்று. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் தெளிவாக்கிக்கொண்டால் பாதிச் சண்டை அடங்கிவிடும்.

2014 விதிப்படி பொதுப் பிடி என்பது அட்டாக் ஆக்ஷனில் (தன் முறையில் தாக்கச் செலவிடும் செயல்) ஓர் அடிக்குப் பதிலாகப் போடுவது. எதிரி எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பிடிப்பவரைவிட ஓர் அளவுக்கு மேல் பெரிய ஆளாக இருக்கக் கூடாது. பிடிப்பவருக்கு ஒரு கையாவது காலியாக இருக்க வேண்டும். பிடிப்பவர் அத்லெட்டிக்ஸ் (உடல்வலுத் திறன்) உருட்ட, எதிரி அத்லெட்டிக்ஸோ அக்ரோபேட்டிக்ஸோ (லாவகத் திறன்) தனக்கு எது தோதோ அதை உருட்டுவார். சமமாக வந்தால் பிடி விழவில்லை.

'காலிக் கை' என்ற அந்த ஒரு நிபந்தனைதான் நாய், ஓநாய், சிறுத்தையை வெளியே தள்ளுகிறது. குரங்கினத்துக்குக் கை உண்டு, தாராளமாக விடலாம். ஓநாய்க்கு வாயைக் கையாகக் கணக்கில் எடுப்போமே என்று கேட்டால் மறுப்பதுதான் சரி. அது கடித்தாலே எதிரி டிசி (எட்ட வேண்டிய எண்) 11 ஸ்ட்ரெங்த் சேவ் (உடல்வலுவால் தப்பிக்கும் உருட்டல்) போட வேண்டும், தவறினால் கீழே விழுவான். தள்ளுவதும் பிடிப்பதும் ஒரே விலங்குக்குக் கிடைத்தால் வேறு விலங்கை யார் எடுப்பார்கள்?

தாக்குதலோடு வரும் பிடிக்குக் கை வேண்டாம், போட்டி உருட்டலும் வேண்டாம். அடி பட்டால் பிடி விழுந்தது, அவ்வளவுதான். விடுபடுவதற்கான டிசி விலங்கின் குறிப்பிலேயே இருக்கும்.

எந்த விலங்கை எடுப்பது

2014 பீஸ்ட் மாஸ்டர் ரேஞ்சருக்கு (துணை விலங்கோடு திரியும் வேட்டைக்காரப் பாத்திரம்) இரண்டு வரம்பு: மீடியம் (மனித) அளவுக்கு மேல் கூடாது, சிஆர் (விலங்கின் பலத்தைக் காட்டும் எண்) 1/4க்கு மேல் கூடாது. முதல் முறை எடுப்பவர்கள் சறுக்குவது இங்கேதான். மலைப்பாம்பு மாதிரி நெரிக்கும் கன்ஸ்ட்ரிக்டர் பாம்புக்கு சிஆர் 1/4தான், ஆனால் அது லார்ஜ். முதலையும் லார்ஜ், சிஆர் 1/2. இரண்டும் கிடையாது. மிஞ்சுவதில் உருப்படியானவை ராட்சத நண்டும் ராட்சதத் தவளையும்.

தவளை பிடித்தால் எதிரி ரெஸ்ட்ரெயின்டு (கட்டுண்டவன்) ஆகவும் மாறுவான். அவன் அடிக்கும்போது அவனுக்கு டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிக் குறைந்ததை எடுப்பது), அவனை அடிப்பவர்களுக்கு அட்வான்டேஜ் (கூடியதை எடுப்பது). ஸ்மால் அளவு எதிரி என்றால் விழுங்கக்கூடச் செய்யும். ஆனால் விழுங்குவது தனி ஆக்ஷன். ரேஞ்சர் கட்டளையிடக்கூடியவை அட்டாக், டேஷ் (ஓட்டம்), டிஸ்எங்கேஜ் (விலகல்), டாட்ஜ் (தற்காப்பு), ஹெல்ப் (உதவி) என்று புத்தகம் பட்டியல் போட்டிருக்கிறது, விழுங்குவது அதில் இல்லை. டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) அனுமதிப்பாரா என்று கேரக்டர் எழுதும் நாளிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சண்டை நடுவில் கேட்டால் பதில் அன்றைய மனநிலையைப் பொறுத்துத்தான் வரும்.

தவளையின் ஏசி (அடி பட எதிரி எட்ட வேண்டிய எண்) 11தான், சீக்கிரம் செத்துப்போகும். நண்டுக்கு ஏசி 15. மூன்றாம் லெவலில் ரேஞ்சரின் புரொஃபிஷியன்ஸி போனஸ் (லெவலோடு ஏறும் தேர்ச்சிக் கூடுதல்) 2 சேர்ந்து 17. அடிக்க +5, சேதம் 1டி6+3 (ஆறு முகப் பகடை ஒன்று, அதோடு 3). ஹெச்பி (உயிர்ப் புள்ளி) மட்டும் 13தான். ரேஞ்சர் லெவலை நாலால் பெருக்கி, எது கூடுதலோ அதை எடுக்க வேண்டும். நாலாவது லெவலில் 16, ஐந்தில் 20.

போனஸ் சேருவது ஏசி, தாக்குதல், சேதம், விலங்குக்குத் தேர்ச்சியுள்ள சேவ், ஸ்கில் இவற்றுக்குத்தான். பிடியிலிருந்து விடுபடும் டிசி அந்தப் பட்டியலில் இல்லை. பத்தாம் லெவல் போனாலும் நண்டின் டிசி 11தான். இதை டிஎம் தளர்த்தி போனஸைச் சேர்க்க விட்டால் ஆட்டம் ஒன்றும் கெட்டுவிடாது. எட்டாம் லெவலுக்கு மேல் விடத்தான் வேண்டும் என்பது எங்கள் கருத்து.

நம் ஊர்ப் பக்கம் ஆடுபவர்கள் கட்டாயம் உடும்பு கேட்பார்கள். கோட்டைச் சுவரில் உடும்பைக் கயிறு கட்டி ஏற்றிய கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள், கேட்காமல் இருப்பார்களா? ராட்சத நண்டின் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் மூச்சுவிடும் திறனையும் பிளைண்ட்சைட்டையும் (கண் இல்லாமலே உணரும் திறன்) நீந்தும் வேகத்தையும் கழித்துவிட்டு, 30 அடி ஏறும் வேகம் கொடுங்கள். இரண்டு கொடுக்குக்கு இரண்டு முன்னங்கால். மந்தை நாய், கோம்பை கேட்டால் மாஸ்டிஃப் அல்லது ஓநாயின் கணக்கு பொருந்தும். பெயரை மட்டும் மாற்றினால் போதும்.

ஒரு சுற்று எப்படி ஓடும்

செட்டிநாட்டு வீட்டைச் சண்டைக்களமாக வைத்துக்கொள்வோம். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று உள்ளே உள்ளே போகும், வாசல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில். நிலைவாசல் ஒவ்வொன்றும் 5 அடிக் கட்டம் ஒன்று. (ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் உட்கார்ந்து ஆடுபவர்களுக்கு வரைபடமே தேவையில்லை. ஒரு கல் ஒரு கட்டம், ஆளுக்குச் சோழி, லார்ஜ் விலங்குக்கு நாலு கல்லை அடைத்து ஒரு தேங்காய்ச் சிரட்டை. பூ வேலைப்பாடு நாலு கல் சேர்ந்துதான் முழுமையாகும் வகைகளில் லார்ஜ் விலங்கின் இடம் தானாகவே தெரியும்.)

வளவிலிருந்து இரண்டாங்கட்டுக்குப் போகும் வாசலில் ஓர் ஆர்க் (முரட்டு அரக்கன்) நிற்கிறான், பின்னால் இன்னும் இருவர். உங்கள் முறை வந்ததும் நண்டை நகர்த்துங்கள், அதற்கு ஆக்ஷன் செலவில்லை. பிறகு உங்கள் ஆக்ஷனைக் கொடுத்து அட்டாக் கட்டளை. ஆர்க்கின் ஏசி 13, நண்டுக்கு +5, இருபது முகப் பகடையில் 8 விழுந்தால் போதும். பட்டால் சேதமும் உண்டு, பிடியும் உண்டு. ஆர்க்கின் வேகம் 0.

அடுத்த சுற்றில்தான் பலரும் காரியத்தைக் கெடுக்கிறார்கள். மறுபடியும் நண்டுக்கே ஆக்ஷனைச் செலவழிக்கிறார்கள். 5ஆம் பதிப்பில் விழுந்த பிடியைத் தக்கவைக்க எந்த ஆக்ஷனும் வேண்டாம். கட்டளை எதுவும் வராவிட்டால் விலங்கு தானாக டாட்ஜ் எடுக்கும் என்று பின்னாளில் வந்த திருத்தம் சொல்கிறது. ஆக, நண்டு ஒரு பக்கம் பிடித்தபடி டாட்ஜில் நிற்க, நீங்கள் உங்கள் ஆக்ஷனில் வில்லை எடுக்கலாம். ஆர்க் நண்டை அடிக்க +5, ஏசி 17, அதாவது 12 விழ வேண்டும். டாட்ஜால் டிஸ்அட்வான்டேஜ் என்பதால் அவனுக்கு வாய்ப்பு 20 சதவீதம்தான். பீஸ்ட் மாஸ்டர் மட்டமான வகுப்பு என்று பேர் வாங்கியதற்கு இந்த ஒரு வரியைப் படிக்காமல் விட்டதும் ஒரு காரணம்.

ஆர்க் விடுபட வேண்டுமானால் தன் ஆக்ஷனைக் கொடுத்து டிசி 11ஐத் தாண்ட வேண்டும். ஸ்ட்ரெங்த் +3, எனவே 8 விழுந்தால் போதும், வாய்ப்பு 65 சதவீதம். பிடி தளர்வானதுதான். ஆனால் அந்தச் சுற்றில் கோடரியை ஓங்கவில்லையே, அதுதான் லாபம்.

பின்னால் நிற்கும் இருவரும் அவனைத் தாண்டி வரப் பார்ப்பார்கள். கூட்டாளியின் கட்டத்தில் புகுந்து போகலாம், ஆனால் அங்கேயே நிற்க முடியாது. அடுத்த கட்டத்தில் நண்டு உட்கார்ந்திருந்தால், எதிரியின் கட்டம் வழியாகப் போக அளவில் இரண்டு படி வித்தியாசம் இருந்தாக வேண்டும். வாசல் அடைபட்டது. இதே நண்டை வளவு நடுவில் வைத்து ஒருவனைப் பிடித்தால் மற்ற இருவரும் சுற்றி வந்து அடித்தே கொன்றுவிடுவார்கள். எதைப் பிடிக்கிறோம் என்பதைவிட எங்கே வைத்துப் பிடிக்கிறோம் என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

பிடிபட்டவன் கை கட்டப்பட்டவன் என்று நினைத்துவிடாதீர்கள். 2014 விதியில் வேகம் போனதைத் தவிர அவனுக்கு ஒரு குறையும் இல்லை. அடிப்பான், மந்திரம் போடுவான். மிஸ்டி ஸ்டெப் போட்டு 30 அடி தள்ளிப் போனால் பிடி முடிந்தது. தண்டர்வேவ் மந்திரம் பட்டு விலங்கு 10 அடி தூக்கியெறியப்பட்டாலும் முடிந்தது. விலங்கு மயங்கினாலோ தூங்கினாலோ அப்படியே.

இன்னொன்றும் கேட்பார்கள்: மந்திரவாதியின் ஃபெமிலியர் (மந்திரத்தால் வரவழைத்த சிறு விலங்கு) ஆக்டோபஸ் என்றால், அது பிடிக்கலாமா? கூடாது. ஃபெமிலியர் தாக்க முடியாது, பிடியும் தாக்குதலில் சேர்ந்ததுதான்.

இழுத்துக்கொண்டு ஊருணிக்கு

பிடித்தவனை இழுத்துப் போனால் வேகம் பாதி. நண்டுக்கு 30 அடி என்பதால் சுற்றுக்கு 15 அடி, மூன்று கட்டம். எதிரி இரண்டு அளவு சிறியவனாக இருந்தால் பாதியாகாது.

ஊருணிக்குள் இழுத்துப் போய் மூழ்கடிக்கலாம் என்ற திட்டம் எல்லா மேசையிலும் ஒருமுறையாவது வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மூச்சுப் பிடிக்கும் நேரம் 1 நிமிடம், அதோடு கான்ஸ்டிட்யூஷன் மாடிஃபயர் அளவு நிமிடங்கள். கான்ஸ்டிட்யூஷன் 14 உள்ளவன் 3 நிமிடம் தாங்குவான். ஒரு சுற்று 6 விநாடி, அதாவது 30 சுற்று! அதற்குள் சண்டை முடிந்து ஆட்கள் டீ குடிக்கப் போயிருப்பார்கள்.

தண்ணீரில் உண்மையான ஆதாயம் வேறு. நீந்தும் வேகம் இல்லாதவர் தண்ணீருக்குள் கைகலப்பு ஆயுதத்தால் அடித்தால் டிஸ்அட்வான்டேஜ். குத்துவாள், ஜாவலின், குறுவாள், ஈட்டி, திரிசூலம் இவற்றுக்கு மட்டும் விலக்கு. கோடரிக்காரனை நாலு படி இறக்கி, தண்ணீருக்குள் அமுக்கி நிறுத்தினாலே அவன் பாதி ஆள். ஈட்டிக்காரனை இழுத்துப் போவது வீண் வேலை.

நாய் தள்ள, தோழன் பிடிக்க

கீழே விழுந்தவன் எழ வேண்டுமானால் வேகத்தில் பாதியைச் செலவழிக்க வேண்டும். வேகம் 0 என்றால் எழவே முடியாது. எனவே ஓநாய் கடித்துத் தள்ளியதும் இன்னொருவர் பொதுப் பிடி போட்டால், விடுபடும் வரை எதிரி தரையில்தான். 5 அடிக்குள் நிற்பவர்கள் எல்லோருக்கும் அட்வான்டேஜ், அவன் அடிகளுக்கு டிஸ்அட்வான்டேஜ். தூரத்திலிருந்து அம்பு விடுபவருக்கு மட்டும் இது பாதகம், அவருக்கு டிஸ்அட்வான்டேஜ் வரும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 2014 ரேஞ்சர் ஐந்தாம் லெவலில் விலங்குக்கு அட்டாக் கட்டளை கொடுத்தால் தானும் ஓர் ஆயுதத் தாக்குதல் செய்யலாம். அது அட்டாக் ஆக்ஷன் இல்லை, ஆகவே அதைப் பிடியாக மாற்ற விதி இடம் தரவில்லை. பிடிக்கும் வேலையை ஃபைட்டரிடமோ பார்பேரியனிடமோ விட்டுவிடுங்கள். ஓநாயின் தள்ளும் டிசியும் 11லேயே நிற்பது என்பதால், ஸ்ட்ரெங்த் +3 உள்ள ஆர்க் விழும் வாய்ப்பு 35 சதவீதம். குண்டன்களை விட்டுவிட்டு ஒல்லியான மந்திரவாதிமேல் நாயை ஏவுங்கள்.

உங்கள் ஓநாயே பிடிபட்டால்? அது அக்ரோபேட்டிக்ஸ் போட்டு விடுபடப் பார்க்கலாம், டெக்ஸ்டெரிட்டி +2. கட்டளைப் பட்டியலில் விடுபடுதல் இல்லை என்று சொல்லித் தடுக்கும் டிஎம் ரொம்பவே கறார். அதைவிட நல்ல வழி, பிடித்தவனை நீங்கள் ஷவ் செய்து 5 அடி தள்ளுவது. ஓநாய் அவன் எட்டும் தூரத்தைவிட்டு விலகினால் பிடி தானாக அறுந்துவிடும். எந்தப் பக்கம் தள்ளுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். ஓநாய்க்கு எதிர்ப்பக்கமாகத் தள்ள உங்களுக்கு நிற்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

2020க்குப் பிறகு மாறியவை

2020இல் வந்த மாற்று ரேஞ்சர் விதியில் விலங்குக்குப் பதில் நிலம், நீர், வான் என்று மூன்று வார்ப்பு. கட்டளை போனஸ் ஆக்ஷனுக்கு (ஆக்ஷனுக்கு மேல் கிடைக்கும் சிறு செயல்) மாறிவிட்டது, ரேஞ்சர் தன் ஆக்ஷனில் தானே பிடி போடலாம். நீர் விலங்கின் அடி பட்டாலே பிடி, விடுபடும் டிசி ரேஞ்சரின் ஸ்பெல் சேவ் டிசி (அவர் மந்திரத்தைத் தடுக்க எட்ட வேண்டிய எண்). ஐந்தாம் லெவலில் விஸ்டம் 16 என்றால் 14. பழைய நண்டின் 11க்கு இது எவ்வளவோ மேல். ஆனால் அதன் தரை வேகம் 5 அடி. பிடித்தவனை இழுக்க ஒவ்வோர் அடிக்கும் கூடுதலாக ஓர் அடி செலவு, ஒரு கட்டத்துக்கு 10 அடி தேவை. தரையில் ஒரு கட்டம்கூட இழுக்காது. ஊருணிப் படியோரம் காத்திருந்து பிடித்தால் 60 அடி நீந்தும் வேகம், 30 அடி இழுவை.

2024 பதிப்பில் பொதுப் பிடிக்குப் போட்டி உருட்டல் போய்விட்டது. எதிரி ஸ்ட்ரெங்த் அல்லது டெக்ஸ்டெரிட்டி சேவ் போடுவான், டிசி 8 + ஸ்ட்ரெங்த் மாடிஃபயர் + புரொஃபிஷியன்ஸி. காலிக் கை நிபந்தனை அப்படியே இருக்கிறது. பெரிய மாற்றம் இது: பிடிபட்டவன் பிடித்தவனைத் தவிர வேறு யாரை அடித்தாலும் டிஸ்அட்வான்டேஜ். அதனால் எதிரி உங்கள் விலங்கின்மேலேயே பாய்வான், ஹெச்பி குறைவான விலங்கை அனுப்புமுன் யோசியுங்கள்.

பாத்ஃபைண்டர் ஆடுபவர்களுக்கு

டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் வழியில் வந்த இன்னொரு விளையாட்டு பாத்ஃபைண்டர். 2009இல் வந்த அதன் முதல் பதிப்பில் பிடிப்பதற்குச் சிறந்த விலங்கு கன்ஸ்ட்ரிக்டர் பாம்புதான். கை பற்றிய தகராறே அங்கு இல்லை. இரண்டு கை காலியாக இல்லாவிட்டால் −4 என்ற தண்டனை மனித உருவினருக்கு மட்டும்.

ட்ரூயிட் (இயற்கை மந்திரம் போடும் பாத்திரம்) முதல் லெவலில் பாம்பு மீடியம். பேஸ் அட்டாக் (அடிப்படைத் தாக்குதல்) +1, ஸ்ட்ரெங்த் 15க்கு +2, கிராப் (கடித்ததும் பிடிக்கும்) திறனுக்கு +4, மொத்தம் பிடிக்க +7. நாலாம் லெவலில் லார்ஜ் ஆகிறது: பேஸ் அட்டாக் +3, ஸ்ட்ரெங்த் 24க்கு +7, அளவுக்கு +1, கிராப் +4, மொத்தம் +15. ஒரே தாவலில் இவ்வளவு ஏறும் விலங்கு அரிது. நாலாம் லெவல் ஃபைட்டர் ஒருவர், ஸ்ட்ரெங்த் 18, டெக்ஸ்டெரிட்டி 14, அவருடைய சிஎம்டி (பிடியைத் தடுக்கும் எண்) 20. கடி பட்டபின் 5 விழுந்தால் பிடி. அடுத்த சுற்றில் தக்கவைக்க மேலும் +5, அப்போது இயல்பான 1 விழுந்தால்தான் தவறும்.

இங்கே தக்கவைப்பதற்கு ஒவ்வொரு சுற்றும் ஸ்டாண்டர்ட் ஆக்ஷன் போகும். தக்கவைத்ததும் சேதம், நகர்த்தல், அமுக்குதல் என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், நெரிப்புச் சேதம் தனியாகச் சேரும். பிடித்த பாம்பும் பிடிபட்ட நிலையில்தான் இருக்கிறது என்பதைப் பலர் மறக்கிறார்கள். டெக்ஸ்டெரிட்டிக்கு −4, எனவே அதன் ஏசி 2 குறையும், சிஎம்டியும் 24இலிருந்து 22க்கு இறங்கும்.

மந்திரவாதியைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். பிடிக்குள் மந்திரம் போட டிசி 10 + பாம்பின் சிஎம்பி (பிடிக்கும் எண்) + மந்திரத்தின் லெவல். கிராப்பின் +4 சேர்க்காமல் பாம்புக்கு +11 என்றால் இரண்டாம் லெவல் மந்திரத்துக்கு 23.

பழக்கும்போது 'பிடி'க்கு முன் 'விடு' சொல்லிக்கொடுங்கள். இன்டெலிஜன்ஸ் 1 உள்ள பாம்புக்கு மூன்று வித்தைதான், அதோடு துணை விலங்குக்கான கூடுதல் வித்தை. அட்டாக் (பிடி) வித்தை இருந்து டவுன் (விடு) இல்லாவிட்டால், விசாரிக்க உயிரோடு வேண்டிய காவல்காரனையும் பாம்பு நெரித்து முடித்துவிடும். நடமாடும் பிணங்களையும் விநோத ஜந்துக்களையும் தாக்க வேண்டுமானால் அட்டாக் இரண்டு வித்தையாகக் கணக்காகும்.

இரண்டாம் பாத்ஃபைண்டரில் பிடி உங்கள் அடுத்த முறை முடியும் வரைதான் நிற்கும், ஒவ்வொரு முறையும் புதுப்பிக்க வேண்டும். நீங்கள் ஒரு ஆக்ஷன் கொடுத்தால் விலங்குக்கு இரண்டு. அதில் ஒன்று புதுப்பிக்கவே போய்விடும். அதுவும் தாக்குதல் கணக்கில் சேருவதால் அடுத்த அடிக்கு −5. கரடியை வளர்த்து, நகத்தால் அடித்த கையோடு கட்டிப்பிடிக்கும் திறன் வரை கொண்டுபோனால் இந்தச் செலவு நியாயமாகும்.

காளையின் திமில்

சிராவயல் மஞ்சுவிரட்டைப் பார்த்த எவருக்கும் 5ஆம் பதிப்பு விதி ஒரு இடத்தில் உறுத்தும். மீடியம் மனிதன் லார்ஜ் காளையைப் பிடிக்கலாம், பிடித்த கணமே காளையின் வேகம் 0. பொட்டலில் அவிழ்த்துவிட்ட புலிக்குளம் காளை ஒருவன் திமிலைத் தொட்டதும் சிலையாக நிற்குமா என்ன?

இதற்குப் புது விதி எழுத வேண்டியதில்லை. 2014 டிஎம் புத்தகத்தில் பெரிய ஜந்துவின்மேல் தொற்றிக்கொள்ளும் விருப்ப விதி இருக்கிறது. தொற்றுபவர் தன் ஆக்ஷனில் அத்லெட்டிக்ஸ் அல்லது அக்ரோபேட்டிக்ஸ் போட, காளை அக்ரோபேட்டிக்ஸ் போடும். ஜெயித்தால் காளையோடு சேர்ந்தே போவார், காளை எப்போதும்போல் ஓடும். உதற வேண்டுமானால் காளை ஆக்ஷன் கொடுத்து அத்லெட்டிக்ஸ், தொற்றியவர் அத்லெட்டிக்ஸோ அக்ரோபேட்டிக்ஸோ. டிஎம் லார்ஜ் காளையைத் துணையாக அனுமதித்தால் எதிரிகள் அதைப் பிடிப்பதற்கும் இதையே வையுங்கள்.

அடக்கியதாக எப்போது எடுப்பது? ஜல்லிக்கட்டில் மூன்று துள்ளல் தாங்கினால் வெற்றி. காளையின் ஒரு முறைக்கு ஒரு துள்ளல், மூன்று முறை உதறியும் விழாதவர் அடக்கியவர். அதன் பிறகுதான் வேகம் 0. திமிலில் ஒருவருக்கு மேல் கூடாது. இரண்டாமவர் தொற்றினால் முதலாமவரின் உருட்டலுக்கு டிஸ்அட்வான்டேஜ் கொடுங்கள். வடமாடு (காளையை வடத்தில் கட்டிக் குழுவாக அடக்குவது) என்றால் 50 அடி வடம், அதாவது நடுக்கல்லிலிருந்து 10 கட்டம். காளை எல்லையைத் தாண்ட முடியாது, வீரர்கள் தாண்டி ஓய்வெடுக்கலாம். வடமாட்டுக் குழுவுக்கு வேண்டிய ஒன்பது ஆட்டக்காரர் கிடைக்காத மேசையில் மிச்சப் பேரை டிஎம் ஓட்ட வேண்டும், ஒவ்வொருவருக்கும் தனியாக உருட்டாமல் கூட்டத்துக்கு ஒரே பகடை போதும்.